ஏழாம் எண் ரத்தம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் நேரம், அளவு, வெப்பநிலை எழுதலாம். மற்றவற்றுக்கு இந்த நோட்டு.

எங்கள் ஆய்வுக்குச் சர்க்கரை நோய் உள்ள இருபது பேரின் ரத்தம் வந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க, நோய் இல்லாத இருபது பேர் வேண்டும். இங்கே ஒரு வழக்கம் உண்டு. வெளியாரிடம் கேட்பதற்கு முன் ஆய்வுக்கூடத்து ஆட்களே முதலில் கையை நீட்டிவிட வேண்டும். இன்று காலை நானும் வெறும் வயிற்றில் போய் உட்கார்ந்தேன்.

ரத்தம் எடுப்பவர் சௌந்தரபாண்டி அண்ணன். என் முழங்கையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "ஏம்மா சந்தனமாரி, நீதான் வாயைத் திறக்க மாட்ட. உன் நரம்புமா தலைகாட்டாது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

எனக்கு மூத்த ஆய்வாளர் ரஷீதா அக்கா, கொடுத்தவர்களுக்கெல்லாம் பிஸ்கட் விநியோகித்தாள். "நல்ல ரத்தம்னு பேர் வாங்கணும்னா இங்கதான்டி வாங்கணும். வேற எவன் நம்மளை நல்லதுன்னு சொல்லப்போறான்?"

நலமாக உள்ளவர்களின் குழாய்க்கு ‘ந’, சர்க்கரை உள்ளவர்களுக்கு ‘ச’. பெயர்ப் பட்டியல் ஆய்வுக்கூடத் தலைவர் தில்லைவாணி மேடத்தின் பூட்டிய மேசைக்குள். ஆனால் நம் கண்ணெதிரே சீட்டு ஒட்டுவதால் அவரவர் எண் அவரவருக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அம்மா போனில் வழக்கமான கேள்வி. "நீ அங்க என்ன வேலட்டி பாக்க?"

நான் மதுரைக்கு வந்து ஒரு வருஷமாகிறது. வாரம் தவறாமல் கேட்கிறாள், நானும் வாரம் தவறாமல் மழுப்புகிறேன். இன்று சொல்லிப் பார்த்தேன்.

"உடம்புல எல்லா அணுவுலயும் இன்சுலின் செய்யுற குறிப்பு இருக்கும்மா. ஆனா கணையத்துல உள்ள கொஞ்சம் அணுவுல மட்டுந்தான் அது திறந்திருக்கும். மத்ததுல எல்லாம் அடைச்சிருக்கும்."

"எத வச்சு அடைச்சிருக்கு?"

என் நேர்முகத் தேர்வில்கூட இவ்வளவு நேராக யாரும் கேட்கவில்லை. "சின்னச் சின்ன ரசாயன ஒட்டு" என்றேன்.

"அப்ப நம்ம உப்பளத்து மடை மாதிரின்னு சொல்லு."

அம்மாவுக்கு முள்ளக்காட்டு உப்பளத்தில் வேலை. ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் போகும் வாயைச் சேற்று மண்ணால் அடைப்பார்கள். வேண்டும்போது மண்வெட்டியால் ஒரு வெட்டு. மடை மாதிரிதான். ஆய்வுத் திட்டம் நாற்பது பக்கம் எழுதியும் எனக்கு அது தோன்றவில்லை.

இன்சுலின் அணு சாகும்போது அதன் மரபணுத் துணுக்குகள் ரத்தத்தில் விழுகின்றன. மடை திறந்த துணுக்கு என்றால் அது அந்த அணுவிலிருந்து மட்டுமே வந்திருக்க முடியும். அதை எண்ணுவதுதான் என் வேலை. சர்க்கரை முழுதாக ஏறுவதற்கு முன்பே, உள்ளே எத்தனை அணுக்கள் போகின்றன என்று தெரிந்துகொள்ளலாம்.

"செத்ததையா எண்ணுத?" என்றாள் அம்மா. கொஞ்சம் பயந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

‘ந’ வரிசையின் முதல் பரிசோதனை முடிவுகள். வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியும். எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. ந-7: 118. சராசரி 6.2.

நோய் என்று சொல்ல முடியாது, நலம் என்றும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற எண்கள்.

ந-7 அன்று காலையில் டீ குடித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 20, புதன்

மறுபடி ஓட்டிப் பார்த்தேன். 117. 6.2. டீ குடித்தாலும் மூன்று மாதச் சராசரி மாறாது என்பது எனக்குத் தெரியாதா என்ன.

ந-7 டீயும் குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

ரஷீதா அக்கா என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தாள். "யாருப்பா இந்த ஏழு? பாவம், அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. படிவம் அனுப்பிட்டியா?"

இப்படி யாராவது எல்லை தாண்டி வந்தால் ஒரு படிவம் நிரப்பி மேடத்திடம் கொடுக்க வேண்டும். மேடம் பட்டியலைத் திறந்து, அந்த ஆளைத் தனியாக அழைத்துச் சொல்வார். ரத்தம் ‘ந’ வரிசையிலிருந்து நீங்கும்.

"நாளைக்கு அனுப்புறேன்க்கா" என்றேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பிரிண்டரில் மை இல்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

மை வந்துவிட்டது. மேடம் டெல்லி போயிருக்கிறார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மேடம் திரும்பிவிட்டார். குறிப்பேட்டில் எழுதினேன்: ‘ந-7. ரத்தம் சிதைந்துவிட்டது. விலக்கப்பட்டது.’ அப்படி நடப்பதுண்டு; குழாயை அதிகம் குலுக்கினால் ரத்தம் சிதையும். யாரும் கேட்கவில்லை. என் கையெழுத்து நன்றாக இருப்பதாக மேடம் எப்போதும் சொல்வார். இன்றும் நன்றாகத்தான் இருந்தது.

குழாயைக் குப்பையில் போடக் கை வரவில்லை. உறைபெட்டியின் அடித்தட்டில், ரஷீதா அக்காவின் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன்.

மாலையில் ஒரு ஆய்வுக்கட்டுரை படித்தேன். கருவில் இருக்கும்போது தாய்க்குச் சரியான சாப்பாடு கிடைக்காமல், எடை குறைவாகப் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றியது. பட்டினிக்கு ஏற்றபடி அவர்கள் உடம்பில் சில மடைகள் அப்போதே அடைபட்டுவிடுகின்றன. பிற்பாடு மூன்று வேளையும் சோறு கிடைக்கும்போது, உள்ளே இருக்கிற இன்சுலின் அணுக்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. பாதியில் மூடி வைத்தேன்.

நான் பிறந்தபோது ஒன்றே முக்கால் கிலோ. அம்மா இதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள். "ஒரு துண்டுல சுருட்டி மடியில வச்சிருந்தேன். நர்ஸம்மா பிள்ள எங்கன்னு கேட்டா."

அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

செப்டம்பர் 3, புதன்

விடுதியிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு நடந்தே வந்தேன். பஸ்ஸில் கூட்டம்.

செப்டம்பர் 4, வியாழன்

நடந்தே வந்தேன். பஸ்ஸில் கூட்டம். விடுதியில் காலை பூரி. எனக்குப் பிடிக்கவில்லை, முட்டையும் சுண்டலும் சாப்பிட்டேன். அறைத்தோழி, "பூரி உனக்கு உயிராச்சே?" என்றாள். எண்ணெய் சரியில்லை என்றேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பஸ்ஸில் கூட்டம். நடந்துகொண்டிருந்த என் பக்கத்தில் பஸ்ஸை மெதுவாக்கச் சொல்லி, "ஏறும்மா, வண்டி காலியாத்தான் கெடக்கு" என்றார் கண்டக்டர். எனக்குப் போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டேன்.

மருந்துக்கடையில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கினேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அம்மாவுக்குப் பார்க்கலாம்.

செப்டம்பர் 17, புதன்

ரஷீதா அக்கா என்னை நுண்ணோக்கி அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். எலியின் இன்சுலின் அணுக்களைத் தட்டில் வளர்க்கிறாள். இன்சுலின் இருக்கும் அணு பச்சையாக ஒளிரும்படி சாயம் ஏற்றியிருந்தாள்.

முதல் தட்டில் திருவிழாப் பந்தல்போல் முழுக்கப் பச்சை. இரண்டாவது தட்டு, மூன்று வாரம் அதிகச் சர்க்கரையில் வைத்தது. நூற்றில் முப்பதுகூட ஒளிரவில்லை.

"இதெல்லாம் செத்துப்போச்சாக்கா?"

"சாகலப்பா. உசுரோடதான் இருக்கு. ஆனா தான் யாருங்கறதையே மறந்துருச்சு. இன்சுலின் மடை அடைஞ்சு போச்சு." மடை என்ற சொல்லை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள். இப்போது ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் மடை என்கிறார்கள்.

மூன்றாவது தட்டு, அதே மாதிரி மூன்று வாரம் அதிகச் சர்க்கரையில் இருந்துவிட்டு, பிறகு இரண்டு வாரம் சாதாரண அளவில் வைத்தது. குனிந்து பார்த்தேன். இருட்டில் அங்கங்கே, பிறகு நிறைய இடங்களில் பச்சை. எண்ணினோம். நூற்றுக்கு அறுபத்தெட்டு.

"எல்லாம் திரும்பல" என்றாள் அக்கா. "ஆனா திரும்புது."

நான் கண்ணை எடுக்கவில்லை. "ஏய், என் லென்ஸ்ல உன் கண்மையை அப்பாத" என்றாள். அது கண்மை இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

எல்லோரும் கிளம்பிய பிறகு உறைபெட்டியின் அடித்தட்டிலிருந்து ந-7 குழாயை எடுத்தேன். துணுக்குகளை எண்ணினேன். மற்ற பத்தொன்பது பேரைவிடவும் அதிகம். ‘ச’ வரிசையில் மிகக் குறைந்தவரைவிடவும் குறைவு.

அணுக்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ஆனால் நிறைய மிச்சம் இருக்கின்றன.

இதை எந்தக் குறிப்பேட்டில் எழுதுவது என்று தெரியாமல் இதில் எழுதுகிறேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி, ஊரில்

மழை. உப்பளத்தில் வேலை முடிந்துவிட்டது, இனி தை மாதம்தான். அம்மா பாசிப்பயறும் வெல்லமும் உருட்டி முந்திரிக்கொத்து செய்திருந்தாள். தட்டில் ஆறு வைத்தாள். ஒன்றில் பாதி சாப்பிட்டுவிட்டு, வயிறு சரியில்லை என்றேன்.

"ஏட்டி, மதுரைக்குப் போனதும் ஒனக்கு முந்திரிக்கொத்து கசக்குதோ?"

பேச்சை மாற்ற, வாங்கி வந்த கருவியை எடுத்தேன். அம்மாவின் விரலில் ஊசி இறங்கவில்லை. முப்பது வருஷம் உப்பு வாரிய விரல். மூன்றாவது தடவைதான் ஒரு துளி வந்தது. 96.

"நல்லா இருக்கும்மா" என்றேன்.

"உப்புல கெடக்கவளுக்கு எங்கயிருந்து சர்க்கர வரும்?" என்று சிரித்தாள். பிறகு கருவியைக் கையில் வாங்கிக்கொண்டு, "ம். இப்ப ஒன் விரலக் காட்டு" என்றாள்.

"எனக்கு எதுக்கும்மா?"

"சும்மா காட்டுட்டி. எனக்கும் குத்தணும்னு ஆசையா இருக்கு."

கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பினாள். சிரிப்பு நின்றது.

"விரல்ல என்ன புள்ளி புள்ளியா?"

"லேப்ல ஊசி பட்டுச்சும்மா."

"பத்து விரல்லயுமா?"

பக்கத்து வீட்டில் சரவெடி. அது முடிந்ததும் அம்மா முந்திரிக்கொத்துத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

காலையில் கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, "நான் படிக்காதவதான். கண்ணு தெரியாதவ இல்ல. என்னன்னு சொல்லு" என்றாள்.

சொன்னேன். ந-7 நான்தான் என்று முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அது நோய் இல்லை, நோயின் வாசல் என்றேன். எண்கள் சொன்னேன். கட்டுரையைப் பற்றிச் சொல்ல வேண்டாமென்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அம்மா கேள்வியை விடுகிறவள் இல்லை.

"இருபத்தஞ்சு வயசுல எப்படி வந்துச்சு? எனக்கு இல்ல. ஒங்க அப்பாவுக்கும் இருந்ததில்ல."

நான் தரையைப் பார்த்தேன்.

"நீ வயித்துல இருக்கும்போது ஒம்பது மாசமும் உப்பு வாரினேன். மத்தியானம் ஒண்ணும் கெடையாது, ராத்திரிதான் சோறு. அதனாலயாட்டி?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் எல்லாவற்றையும் செய்தேன். பிரிண்டர் மை, பஸ் கூட்டம், சிதைந்த ரத்தம், எல்லாம் இதற்காக. "அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்மா. உறுதியாச் சொல்ல முடியாது. அது ஒன் தப்பு இல்ல" என்றேன். அழ ஆரம்பித்தது நான்தான். அம்மா அழவில்லை.

"என் தப்புன்னு யாரு சொன்னா? கூலி குடுத்தவன்ட்டல்ல கேக்கணும் அத." முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள், வலிக்கும்படி. "ஒங்க மேடத்துட்ட சொன்னியா?"

இல்லை என்றேன். குறிப்பேட்டில் எழுதியதையும் சொன்னேன்.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "நான் கெடந்த பட்டினிய நான் எவன்ட்டயும் மறைச்சதில்லட்டி. ஊரு பூரா சொல்லிருக்கேன். நீ ஏன் மறைக்க?"



வெகுநேரம் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி கேட்டாள். "அந்த மட. அத அடைச்சிருக்கது மண்ணா, சிமெண்டா?"

மூன்றாவது தட்டு ஞாபகம் வந்தது. "மண்ணு மாதிரிதாம்மா. எல்லாம் இல்ல, நெறைய."

"அப்பச் சரி" என்றாள்.

அக்டோபர் 27, திங்கள்

மேடத்தின் அறை வாசலில் பத்து நிமிடம் நின்றேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். உள்ளே போனதும் தாளையே நீட்டிவிட்டேன்.

மேடம் இரண்டு தடவை படித்தார். "உனக்குச் சர்க்கரை இருக்கா இல்லையாங்கறதை ஊருக்குச் சொல்லாம இருக்க உனக்கு உரிமை இருக்கு, சந்தனமாரி. ஆனா சிதையாத ரத்தத்தைச் சிதைஞ்சுதுன்னு எழுத உரிமை இல்லை. படிவம் குடுத்திருந்தா நானும் நீயும் மட்டும் பேசி முடிச்சிருப்போம். உன் பேரு இந்த அறையைத் தாண்டியிருக்காது."

நான் பொய் எழுதி மறைத்ததெல்லாம், மறைக்க ஏற்கெனவே ஒரு நேரான வழி இருந்த இடத்தில்.

குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னார். இங்கே தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கவும் கூடாது. கீழே உள்ளது படிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு, சரியானதை எழுதி, அன்றைய தேதியோடு கையெழுத்திட வேண்டும். ‘ரத்தம் சிதைந்துவிட்டது’ மேல் கோடு போட்டேன். பக்கத்தில் எழுதினேன்: ‘ரத்தம் நன்றாக உள்ளது. எல்லை மீறிய அளவு. தெரிந்தே தவறாகப் பதிவு செய்தேன்.’ இந்தத் தடவை கையெழுத்து கோணல்.

நான் எண்ணிய அத்தனை ரத்தத்தையும் ரஷீதா அக்கா மறுபடி எண்ண வேண்டும். டிசம்பரில் ஹைதராபாத் மாநாட்டுக்கு நான் போக முடியாது. ரத்த ஆய்விலிருந்து என்னை விலக்கியாயிற்று. இனி தட்டுக் கழுவுவதும் அணுக்களுக்குத் தீனி மாற்றுவதும். ஆய்வுக்கூடத்தை விட்டு அனுப்பவில்லை. அனுப்பிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்திருந்தேன்.

நவம்பர் 5, புதன்

தட்டுகள் கழுவினேன். நாற்பத்திரண்டு. நான் கோடு போட்ட பக்கத்தைப் படித்ததும் ஏழு யாரென்று ரஷீதா அக்காவுக்குப் புரிந்துவிட்டது. என்னோடு பேசுவதில்லை.

நவம்பர் 14, வெள்ளி

ரஷீதா அக்கா என் மேசையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் போட்டாள். "சீனி போடாதது. வாயில வைக்க முடியல. நான் உன்னால ராவும் பகலுமா எண்ணிக்கிட்டு இருக்கேன்ல, நீயும் கஷ்டப்படு."

சாப்பிட்டேன். உண்மையிலேயே அட்டையைத் தின்பது போலிருந்தது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லடி" என்றாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

டிசம்பர் 11, வியாழன்

மறு எண்ணிக்கை முடிந்தது. நான் எண்ணியவை எல்லாம் சரியாகவே இருந்தன. ந-7இன் துணுக்குக் கணக்கும்.

மேடம் என்னைக் கூப்பிட்டார். ‘ந’வுக்கும் ‘ச’வுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வரிசை தொடங்க அனுமதி வாங்கியிருக்கிறார். ‘எ’, எல்லையில் இருப்பவர்கள். எடை குறைவாகப் பிறந்தவர்களைத் தேடிச் சேர்த்து, உணவும் நடையும் மாறும்போது துணுக்குகள் குறைகின்றனவா என்று ஒரு வருஷம் பார்க்கப்போகிறார்கள். "இது கட்டாயமில்ல. வேணாம்னா வேணாம்" என்றார்.

ஒப்புதல் படிவத்தில் பெயர் எழுதினேன். எ-1.

சௌந்தரபாண்டி அண்ணன் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிட்டார். "ஆகா, இன்னிக்குத் தலைகாட்டுது" என்றார்.

ஜனவரி 22, வியாழன்

மத்தியானம் ஒரு மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்தேன். உப்பளம் தொடங்கிவிட்டது.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், அப்புறம் கூப்பிடு" என்று வைத்துவிட்டாள்.

மத்தியானம் அம்மா சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

எ-1: வெறும் வயிற்றில் 104. மூன்று மாதச் சராசரி 5.8. ரஷீதா அக்கா துணுக்குகளை எண்ணினாள். ஆகஸ்டில் இருந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு.

"ஒரே ஒரு ஆளை வச்சு எதுவும் சொல்ல முடியாது" என்றாள் கண்டிப்பாக. கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா சொல்லணும் போல இருக்குப்பா" என்றாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு, ஊரில்

அம்மாவோடு உப்பளத்துக்குப் போனேன். வெயில் ஏறுவதற்கு முன்பே கண் கூசியது. 5.8 என்றேன்.

"அது நல்லதா?"

"முன்னால 6.2 இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் எறங்கணும்."

அம்மா தலையாட்டிவிட்டு மண்வெட்டியோடு வரப்பில் இறங்கினாள். மடையில் ஒரு வெட்டு. தண்ணீர் பாய்ந்து வரும் என்று நினைத்தேன். அப்படி வரவில்லை. மண் முதலில் கறுத்தது. பிறகு விரல் அகலத்துக்கு ஒரு நூல்போல வந்து, காய்ந்த பாத்தியின் ஓரத்தைத் தொட்டு, நின்று, மறுபடி நகர்ந்தது.

"இது நெறைய எவ்வளவு நேரமாகும்மா?"

"ஆகும்" என்றாள். தூக்குச்சட்டியை எடுத்துக் காட்டினாள். "ரெண்டு பேருக்கும் கொண்டாந்திருக்கேன்."

பிப்ரவரி 9, திங்கள், மதுரை

காலையில் பஸ் காலியாக வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து மணியடித்தார். "இல்லண்ணே, நான் நடக்குறேன். எனக்குச் சர்க்கரை எல்லையில இருக்கு" என்றேன். பஸ்ஸில் இருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நடந்தே வந்தேன். பஸ்ஸில் கூட்டம் இல்லை.